ஆயக்கட்டு இழந்த ஏரிகள்: சென்னை வளர்ந்த கணக்கு

கேள்வி

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் சென்னையைப் பற்றி ஆண்டுதோறும் இரண்டு தீர்ப்புகள் வெளியாகின்றன. திட்டமில்லாமல் வளர்ந்த நகரம் என்பது ஒன்று. ஏரிகளை ஆக்கிரமித்ததன் விளைவு என்பது மற்றொன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் இரண்டும் உச்ச குரலில் ஒலித்தன. டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. அந்தப் பருவத்தில் தமிழ்நாட்டில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இதை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை வகைப்படுத்தியது.

எந்த மனிதர் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கூவம், அடையாறு கரைகளில் குடிசை போட்டவர்களா, அனுமதி பெறாத மனை வாங்கிய நடுத்தர வர்க்கத்தினரா, மனைத் தரகர்களா? இம்மூவருக்கும் பங்குண்டு. ஆனால் சென்னையின் பெரிய ஏரிப் படுகைகள் குடியிருப்பான வரலாற்றைக் கால வரிசையில் பார்த்தால், முன்வரிசையில் நிற்பது அரசுதான்; அதுவும் திட்டத்தோடும் வரைபடத்தோடும் அரசாணையோடும். அது ஏன் அவ்வாறு நடந்தது, எந்த ஏரி மனையானது, எந்த ஏரி தப்பியது என்பவற்றில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்கைக் காட்ட முடியுமா என்று இங்கே பார்க்கிறேன்.

ஏற்கெனவே உள்ள விளக்கங்கள்

நகரங்கள் வளரும் முறைக்குப் பாடநூல்கள் தரும் வடிவங்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. சிகாகோவை வைத்து எர்னெஸ்ட் பர்ஜெஸ் 1925இல் வரைந்த வளைய வடிவம், ஹோமர் ஹாய்ட் 1939இல் முன்வைத்த ஆரக்கூறு வடிவம், ஹாரிஸும் உல்மனும் 1945இல் சொன்ன பல மைய வடிவம் ஆகிய மூன்றையும் புவியியல் மாணவர்கள் மனப்பாடம் செய்திருப்பார்கள். சென்னைக்கு இவற்றுள் மூன்றாவதே ஓரளவு பொருந்தும். 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனி மணல்வெளியில் ஒரு துண்டு நிலம் பெற்றபோது திருவல்லிக்கேணியும் மயிலாப்பூரும் எழும்பூரும் அங்கே முன்பே இருந்தன. கோட்டையைச் சுற்றி நகரம் விரிந்தது என்பதைவிட, கோட்டை ஊர்களைத் தன்னோடு கோத்துக்கொண்டது என்பதே சரி. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு மெட்ராஸை ஆராய்ந்த சூசன் நீல்ட், வெள்ளையர் நகரம், கறுப்பர் நகரம் என்ற வழக்கமான இருமையைத் தாண்டி, கிராமங்களின் அமைப்பு நகரத்துக்குள் எவ்வளவு ஆழமாக நீடித்தது என்று காட்டியது இவ்வகையில் முக்கியமானது.

ஆனால் பல மைய விளக்கத்திலும் ஒரு குறை உண்டு. மையங்களைப் பற்றி அது பேசுகிறது. மையங்களுக்கு இடையிலிருந்த நிலம் எதுவென்று கேட்பதில்லை. பர்ஜெஸின் புகழ்பெற்ற படத்தில் கிழக்குப் பாதி மிச்சிகன் ஏரி என்பதால் வளையங்கள் அரைவட்டமாக நின்றுவிடுகின்றன. அங்கே ஏரி நகரத்தின் எல்லை. சென்னையில் எல்லையாக இருந்த ஏரியே நகரமானது.

அண்மைக்கால ஆய்வுகள் இன்னும் கூர்மையானவை. இந்திய நகரங்களில் சட்டமீறல் என்பது திட்டத்துக்கு வெளியே நடப்பதன்று, அரசே தன் வசதிக்காக விதியைத் தளர்த்தியும் இறுக்கியும் ஆள்கிறது என்று அனன்யா ராய் 2009இல் வாதிட்டார். டெல்லியை வைத்து கௌதம் பானும் ஏறத்தாழ இதே திசையில் சென்றார். சென்னையில் கரேன் கொயல்ஹோவும் நித்யா ராமனும் எழுதிய கட்டுரைகள், நீர்நிலைகளைக் காப்பது என்ற பெயரில் ஏழைகளை வெளியேற்றும் அரசு, அதே நீர்நிலைகளைத் தானே கட்டடமாக்கியதை விரிவாகப் பதிவு செய்துள்ளன. இக்கட்டுரை அவர்களுக்குக் கடன்பட்டது. எனினும் ‘அரசு’ என்று ஒற்றைச் சொல்லில் நிறுத்திவிடுவது எனக்குப் போதுமானதாகப் படவில்லை. ஏரிகளின் விதியைத் தீர்மானித்தது துறைகளின் பேரேடு.

ஆயக்கட்டு என்ற அளவுகோல்

செங்கல்பட்டுச் சீமை ஏரிச் சீமை. பாலாற்றையும் கொற்றலையாற்றையும் நம்ப முடியாத நிலத்தில், இரண்டு மாத மழையைப் பிடித்துவைத்து ஆண்டு முழுதும் வாழ மக்கள் கண்ட வழி அது. மேலே உள்ள ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே வழிந்தால், வாய்க்கால் அதைக் கீழேயுள்ள ஏரிக்குக் கொண்டுபோகும். நிலம் கிழக்கே கடலை நோக்கி மெல்லச் சரிவதால் கரை பெரும்பாலும் கிழக்கில் இருக்கும். மதகுக்கு அப்பால் வயல். அந்த வயல்பரப்பே ஆயக்கட்டு.

காலனிய வருவாய் நிர்வாகத்தில் ஏரிக்கு மதிப்பு ஆயக்கட்டால் வந்தது. நஞ்சை வரி எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவுதான் ஏரியைப் பழுதுபார்க்கச் செலவிடலாம். ஏரி வேறு பல வேலைகளையும் செய்தது. மழையின் வேகத்தைத் தாங்கியது, கிணறுகளுக்கு ஊற்றுக் கொடுத்தது, மீனும் கோரையும் வண்டல் மண்ணும் தந்தது, கோடையில் மாட்டுக்கு மேய்ச்சலானது. இவற்றுக்குப் பேரேட்டில் பத்தி கிடையாது. ஏரிப் படுகை புறம்போக்கு, அதாவது வரி கட்டாத, யாருக்கும் பட்டா இல்லாத நிலம். பட்டா இல்லாததால் அது அரசுக்குரியது என்பது சட்ட நிலை.

நகரம் விரியும்போது முதலில் மறைவது ஏரியன்று, ஆயக்கட்டுதான். வயலுக்குப் பட்டா உண்டு, அதை விற்கலாம். வயல் வீடான பிறகு, பாசனத் துறையின் பார்வையில் ஏரிக்கு வேலையில்லை. ‘ஆயக்கட்டு இல்லாத ஏரி’ என்று கோப்பில் எழுதப்படுகிறது. அப்போது அது தூர்ந்துபோயும் இருக்கும். பராமரிக்க யாருக்கும் ஒதுக்கீடு இல்லையே. இதே வேளையில் வீடு கட்டித் தர வேண்டிய இன்னொரு துறைக்கு நிலம் தேவைப்படுகிறது. தனியாரிடம் கையகப்படுத்தினால் இழப்பீடு, வழக்கு, காலதாமதம். புறம்போக்கை மாற்றிக்கொள்ள ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குக் கடிதம் போதும். இதில் சதி எதையும் தேட வேண்டியதில்லை. ஒவ்வொரு அலுவலகமும் தன் கணக்கைச் சரியாகப் பார்த்ததன் கூட்டு விளைவு இது.

முதல் பாடம்: தியாகராய நகர்

மயிலாப்பூர் ஏரியும் நுங்கம்பாக்கம் ஏரியும் ஒன்றையொன்று தொட்டுக் கிடந்தன. பழைய ஆங்கில வரைபடங்களில் ‘லாங் டாங்க்’ என்று குறிக்கப்பட்ட அந்த நீள்பரப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டு மெட்ராஸின் மேற்கு எல்லை. அதற்குக் கிழக்கே மவுண்ட் ரோட்டை ஒட்டித் தோட்ட வீடுகள் எழுந்ததும் வயல்கள் குறைந்துபோயின என்று கொள்ள இடமுண்டு.

1914இல் நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடிஸ் இந்தியாவுக்கு அழைக்கப்பட்டார். அவருடைய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை, மெட்ராஸ் மீது குண்டு வீசிய அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்துவிட்டது. புதிதாகச் சேகரித்தவற்றை வைத்து 1915இல் மெட்ராஸில் கண்காட்சி நடந்தது. குளங்களைக் கொசுவுக்குப் பயந்து தூர்ப்பதைக் கெடிஸ் தம் இந்திய அறிக்கைகளில் எதிர்த்தார். மீனும் வாத்தும் இருந்தால் கொசுவைச் சமாளிக்கலாம் என்பது அவர் கட்சி. அவரைத் தொடர்ந்து லான்செஸ்டர் மெட்ராஸ் அரசின் நகரமைப்பு ஆலோசகரானார். 1920இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. கெடிஸிடமிருந்து சட்டத்தை எடுத்துக்கொண்டோம், குளத்தை விட்டுவிட்டோம்.

1923இல் அந்த நீள் ஏரியை வடித்து மாம்பலம் திட்டத்தின் வேலை தொடங்கியது. நீதிக் கட்சி ஆட்சி. பனகல் அரசர் முதலமைச்சர். 1925இல் காலமான தியாகராயச் செட்டியாரின் பெயர் நகருக்கும், பனகல் அரசரின் பெயர் பூங்காவுக்கும், உஸ்மான், நடேசன் போன்ற தலைவர்களின் பெயர்கள் மற்ற இடங்களுக்கும் வந்தன. நடுவில் பூங்கா, அதிலிருந்து பிரியும் அகன்ற சாலைகள், அளந்து வெட்டிய மனைகள் என்று, சென்னையில் இவ்வளவு கவனமாகத் திட்டமிடப்பட்ட பேட்டைகள் மிகச் சில. 1931இல் கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் மாம்பலத்துக்கு வேகம் கூடியது.

இதைப் பிழை என்று இன்று சொல்வது சுலபம். திருவல்லிக்கேணியிலும் ஜார்ஜ் டவுனிலும் மக்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்த காலம் அது. கொள்ளை நோய்களின் நினைவு மாறாத காலமும்கூட. வீட்டுத் தேவை உண்மையானது. சுற்றிலும் வேறு ஏரிகள் நிரம்ப இருந்தன. 1923இன் முடிவை அந்தக் காலத்துக்குள் வைத்தால் அது நியாயமான முடிவுதான் என்பது என் கருத்து. பிழை அதற்குப் பின்னால் நேர்ந்தது: ஒரு தடவை செய்த காரியம் முறையாக மாறிவிட்டது.

முறையாக மாறிய கதை

மிச்சமிருந்த நுங்கம்பாக்கம் ஏரிப் பகுதியில் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. பக்கத்துத் தெருக்கள் இன்றும் அஞ்சல் முகவரியில் ‘லேக் ஏரியா’. மேற்கே வீட்டு வசதி வாரியத்தின் திட்டம் ‘முகப்பேர் ஏரி ஸ்கீம்’ என்றே அழைக்கப்பட்டது. வீட்டுப் பத்திரங்களிலும் அதே பெயர். தான் எதன்மேல் நிற்கிறது என்பதை அரசு மறைக்கவில்லை, மறைக்க வேண்டுமென்று நினைக்கவும் இல்லை.

ஏரியோடு இது நிற்கவில்லை. பறக்கும் ரயிலின் தூண்கள் பக்கிங்காம் கால்வாயின் படுகையில் ஊன்றப்பட்டன. 1995இல் கடற்கரை – சேப்பாக்கம் இடையே ஓடத் தொடங்கிய அந்த ரயில் 2007இல் வேளச்சேரிக்கு வந்து, பள்ளிக்கரணைச் சதுப்பின் விளிம்பில் நின்றது. அந்தக் கழுவெளிக்கு ஆயக்கட்டு ஒருபோதும் இருந்ததில்லை. ஆகவே வருவாய்க் கணக்கில் அது தரிசு. தென்சென்னையின் பல ஏரிகளின் உபரி நீர் வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு வழியே கடலை நோக்கிச் செல்லும் இடம் அது என்பதற்கும் பேரேட்டில் பத்தி கிடையாது. பெருங்குடியில் மாநகராட்சி குப்பை கொட்டியது. நடுவண் அரசின் ஆய்வு நிறுவனங்கள் வந்தன. 2000இல் டைடல் பார்க் திறந்தபின் பழைய மகாபலிபுரம் சாலை தகவல் தொழில்நுட்பத் தடமானது.

அதே 2000ஆம் ஆண்டு வாக்கில், அதே சாலையில், ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் எழத் தொடங்கியது. நகரின் நடுவிலிருந்தும் ஆற்றங்கரைகளிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்களுக்காக 15,000-க்கும் மேற்பட்ட அடுக்கு வீடுகள். பின்னர் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். 1970இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தபோது, இருக்கும் இடத்திலேயே வீடு கட்டித் தருவதே அதன் பெருமையாக இருந்தது. முப்பது ஆண்டுகளில் அந்தக் கொள்கை தலைகீழானது. வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் காலையில் நடந்தே போய்வந்த பெண்கள், இருபது கிலோமீட்டர் பஸ்ஸில் போக வேண்டியவர்களானார்கள். பலர் வேலையை விட்டார்கள். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி எல்லாம் வீட்டுக்குப் பின்னால் மெதுவாக வந்தன.

2015 வெள்ளத்துக்குப் பிறகு நடந்தது இதன் உச்சம். அடையாற்றின் கரையில் இருந்தவர்கள் வெள்ள ஆபத்தில் இருக்கிறார்கள் என்று சொல்லி வெளியேற்றப்பட்டார்கள். கொண்டுபோய் விடப்பட்ட இடம் பெரும்பாக்கம், அதாவது அதே சதுப்புச் சூழல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணைச் சுற்றுப்புறம் நாள்கணக்கில் நீரில் நின்றது.

தப்பிய நீர்நிலைகள்

மேற்சொன்ன விளக்கம் சரியென்றால் அதற்கு ஒரு சோதனை உண்டு. வேறு ஏதேனும் ஒரு துறையின் கணக்கில் இடம் பிடித்த நீர்நிலைகள் தப்பியிருக்க வேண்டும். அப்படித்தான் நடந்திருக்கிறது.

புழல் கிராமத்து ஏரிதான். 1872 முதல் நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏரியானதால் கரை உயர்ந்தது, கொள்ளளவு கூடியது. சோழவரமும் அப்படியே. செம்பரம்பாக்கம் பழைய பாசன ஏரி; பின்னாளில் குடிநீர்க் கணக்கில் சேர்ந்தது. இவற்றின் படுகையில் எந்த வாரியமும் வீட்டுத் திட்டம் போடவில்லை. நகரின் நடுவில், மனை விலை எகிறிய இடத்தில், சேத்துப்பட்டு ஏரி எப்படியோ பிழைத்திருக்கிறது. அது மீன்வளத் துறையின் கையில் இருந்தது. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் கோயில் குளங்கள் நிற்கின்றன. கோயில் சொத்து என்ற கணக்கு அவற்றைக் காத்தது. மயிலாப்பூரின் ஏரி போய்விட்டது, மயிலாப்பூரின் குளம் இருக்கிறது. பள்ளிக்கரணையிலும் வனத்துறையிடம் ஒப்படைக்கப்பட்டு 2007இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்ட பகுதிதான் சதுப்பாக மிஞ்சியது. 2022இல் அது ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பட்டியலில் உள்ள பரப்பு ஏறத்தாழ 1,248 ஹெக்டேர்.

கோயில் குளத்துக்குப் பக்தியும் ஒரு காவல் என்று வாதிடலாம். அதை மறுக்கவில்லை. ஆனால் பக்தி மட்டும் போதுமென்றால் ஊர் ஏரிக்கரைகளில் காவல் தெய்வம் இல்லாத கரை எது?

மறுப்புகள்

இந்த வாதத்துக்கு எதிராக மூன்று மறுப்புகள் எழலாம். தனியார் ஆக்கிரமிப்பைக் குறைத்துச் சொல்கிறது என்பது முதலாவது. மடிப்பாக்கம், நன்மங்கலம் பக்கம் போனால் அந்த ஆக்கிரமிப்பின் தன்மை புரியும். அங்கே ஏரிக்குள் வீடு கட்டியவர்களைவிட ஆயக்கட்டில் மனை வாங்கியவர்களே அதிகம். பட்டா நிலம்தான், பணம் கொடுத்துத்தான் வாங்கினார்கள். ஆனால் வயலுக்கு நடுவே ஓடிய வாய்க்கால், சாலையாகவோ சுற்றுச்சுவராகவோ போயிற்று. கலங்கலிலிருந்து வழியும் நீருக்குப் பாதையில்லை. இந்த மனைப்பிரிவுகளில் கணிசமானவை அனுமதி பெறாதவை. ஆனால் அவற்றை வரன்முறைப்படுத்தியது யார்? விதிமீறிய கட்டடங்களை வரன்முறைப்படுத்த, நகர், ஊரமைப்புச் சட்டத்தில் 1998இல் 113-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. அனுமதியற்ற மனைகளின் பத்திரப்பதிவை 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடுத்தது. அடுத்த ஆண்டே வரன்முறை விதிகள் வந்தன. மீறலும் மன்னிப்பும் மாறி மாறி வருவதே இங்கே திட்டத்தின் ஒரு பகுதி.

இரண்டாவது மறுப்பு நிலவியல் சார்ந்தது. தட்டையான நிலம், கிழக்கே கடல், வேறெங்கே போவது? பாதி நியாயம். மேட்டு நிலமும் இருந்தது; ஆனால் அதற்குப் பட்டா இருந்தது, விலை இருந்தது.

மூன்றாவதாக, நிலைமை இப்போது மாறிவிட்டது என்பார்கள். ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் 2007இல் வந்ததைக் காட்டுவார்கள். அந்தச் சட்டம் பொதுப்பணித் துறையின் ஏரிகளுக்கானது. குறி வைப்பது ஆக்கிரமிப்பாளரை. ஏரியை வகைமாற்றும் அரசாணை ஆக்கிரமிப்பு என்ற வரையறைக்குள் வருவதில்லை. இந்த மறுப்பு எனக்கு மிகவும் பலவீனமாகப் படுகிறது.

பலவீனமில்லாத ஒரு மாற்றமும் உண்டு. 2024இல் கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் குத்தகையை ரத்துசெய்து 160 ஏக்கர் நிலத்தை அரசு மீட்டது. மழைநீரைத் தேக்க அங்கே குளங்கள் வெட்டப்பட்டன. நூறாண்டுக்கு முன் ஏரியை வடித்து ஊர் கட்டிய நகரம் இப்போது குளம் வெட்டச் செலவு செய்கிறது. தியாகராய நகரில் விழும் மழை மாம்பலம் கால்வாய் வழியே அடையாற்றுக்குப் போக வேண்டும். 2021 நவம்பரில் அது போகவில்லை. பாண்டி பஜாரின் புதிய நடைபாதைகள் நீரில் மூழ்கின.

இனி எங்கே

1971 கணக்கெடுப்புக்குப் பின் வகுக்கப்பட்ட முதல் பெருந்திட்டம் 1976இலும், இரண்டாவது 2008இலும் வந்தன. அவை பேசிய பெருநகரப் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டர். 2022இல் அது 5,904 ஆக விரிக்கப்பட்டது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, ராணிப்பேட்டை மாவட்டங்களின் நூற்றுக்கணக்கான ஏரிகள் இந்தக் கோட்டுக்குள் வந்துவிட்டன. இவற்றில் பலவற்றுக்கு இன்னும் ஆயக்கட்டு இருக்கிறது. மனைத் தரகர்களின் பலகைகளும் அங்கங்கே நடப்பட்டுவிட்டன. மூன்றாவது பெருந்திட்டம் தயாராகும் இவ்வேளையில், ஆயக்கட்டை இழக்கும் ஏரி அடுத்து எந்தத் துறையின் கணக்கில், எந்த வேலைக்காக, எந்த ஒதுக்கீட்டோடு இருக்கும் என்று ஏரிக்கு ஏரி எழுதிவைக்க வேண்டும். நீர்நிலை என்று வரைபடத்தில் நீல வண்ணம் பூசினால் போதாது. நுங்கம்பாக்கமும் ஒரு காலத்தில் வரைபடத்தில் நீலமாகத்தான் இருந்தது.

எழுதிவைத்தாலும் போதுமா என்ற ஐயத்தைப் பரந்தூர் எழுப்புகிறது. அங்கே 2022இல் அறிவிக்கப்பட்ட சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கான இடத்தில் ஏரிகளும் கம்பன் கால்வாயும் உள்ளன. அவை கைவிடப்பட்டவை அல்ல. பயிர் நடக்கும் நிலத்துக்குத் தண்ணீர் தருபவை. அந்த இடத்திலுள்ள ஏகனாபுரம் கிராம மக்கள் அன்று தொடங்கிய போராட்டத்தில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். இதுவரை ஆயக்கட்டு போன பிறகே ஏரியை அரசு எடுத்தது. பரந்தூரில் ஆயக்கட்டையும் சேர்த்தே கேட்கிறது.